ஒரு காசுக்கு விற்ற கடுகு

அன்று காலை அந்த நிலத்தில் இருந்தவர்கள்: என் அப்பா வீரய்யா, அம்மா, அக்காளின் கணவர் கோவிந்தன் மாமா, பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீனர் ஆ செங், நான். கோவிந்தன் மாமாவை இருந்தவர் என்று எழுதுவது சரிதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம். அவர் நிலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரயில் பாதையையே பார்த்து நின்றார். திரும்பக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

இல்லாதவர்கள்: வள்ளியக்கா. அவள் லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். பிறகு, அவள் ஏற்கெனவே பெற்று இழந்த இரண்டு குழந்தைகள். ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தோம், ஒன்றுக்கு வைக்கவில்லை. அவர்களையும் வராதவர்களோடுதான் சேர்க்க வேண்டும். அன்று நாங்கள் செய்த எல்லாம் அவர்களை நினைத்துச் செய்தது.

கடுகு பூத்திருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்தின் பின்னால், ஆற்றுப் பக்கமாகச் சரிந்த அந்தத் துண்டு நிலம் முழுக்க மஞ்சள். நாள்கணக்கில் பெய்து ஓய்ந்த மழையில் தண்டுகள் சாய்ந்திருந்தன. என்ஜின்களின் கரி அந்தப் பூக்களின் மேலும் படிந்திருந்தது. ஆனாலும் மஞ்சள் மஞ்சள்தான்.

ஆ செங் அரிவாளை எடுத்தார். "நான் வெட்டு. நீங்க ஒருத்தரும் கை வைக்காதே," என்றார், லயத்துக்காரர்களோடு பேசிப் பழகிய தமிழில்.

"முதல் வெட்டு கிழக்கே பார்த்து வெட்டச் சொல்லுடா," என்று அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள்.

அவர் கிழக்கே பார்த்துத்தான் குனிந்தார். அரிவாள் தண்டில் இறங்கிய சத்தம் கேட்டும் கோவிந்தன் மாமா திரும்பவில்லை.

வாசகர் கேட்ட கேள்வி

சென்ற வாரம் நான் ஆட்குறைப்புக் காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கிள்ளானில் கடை வைத்திருக்கும் ஓர் அன்பர் நேரில் கேட்டார்: "தம்பி, கடுகு போட்டோம்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டீங்களே. இந்த ஊர்ல கடுகு வெளையுமா? கப்பல்ல வர்றதைத்தானே நான் விக்கிறேன்?"

விளையும் என்றும் சொல்லலாம், விளையாது என்றும் சொல்லலாம். கீரையாக நன்றாக வரும். விதைக்கு விட்டால் மழை விடாது. மண்ணுக்குப் போட்டால் மண் அதை மறப்பதில்லை. இந்த மூன்றையும் ஒரே போகத்தில் பார்த்த குடும்பம் எங்களுடையது. அவருக்குப் பதிலாகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

சூளைக்காரன் விட்டுப்போன மண்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, பிறகு ரயில்வேயிலும் குறைத்தார்கள். அப்பா பாதை போடும் கேங்கில் வேலை செய்தவர். தண்டவாளக் கட்டையைத் தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். ஒரு சனிக்கிழமை சம்பளத்தோடு சேர்த்து, இனி வர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

வேலை போனவர்களுக்கு இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு இலவசக் கப்பல். இன்னொன்று, லயத்தின் பின்னால் கிடக்கும் நிலத்தில் ஆளுக்கொரு துண்டு. அதில் உணவுப் பயிர் போட்டுக் காட்டினால் லயத்து வீட்டிலும் இருந்துகொள்ளலாம்.

நிபந்தனைகளைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லயத்து வாசலில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று உரக்கச் சொன்னேன்: சொந்தக் கையால் பயிர் செய்ய வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் துரை வந்து பார்ப்பார். நிலத்தை வேறு ஆளுக்கு வாடகைக்கு விடவோ விற்கவோ கூடாது.

"விக்கிறதுக்கு இது என்ன எங்க பாட்டன் சொத்தா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

எங்களுக்குக் கிடைத்த துண்டு பழைய செங்கல் சூளைக்காரர்கள் தோண்டிய இடம். மேல்மண்ணை வழித்துக் கல்லாக்கிப் பட்டணம் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மிஞ்சியது வெளுத்த களிமண். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. மண்வெட்டியைப் போட்டால் உடைந்த கல்லில் பட்டுக் கணீரென்று சத்தம் வரும். முதலில் கத்தரி நட்டோம். முழங்கால் உயரம்கூட வராமல் மஞ்சளித்து நின்றது. பயற்றங்காய் இரண்டு இலை விட்டுச் சுருண்டது.

ஆ செங் வேலியோரம் வந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. "தானா மாத்தி," என்றார் மலாயில். மண் செத்துப்போச்சு என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது அவர் முகத்திலும் சாவு வீட்டுக்கு வந்தவருடைய களை இருந்தது.

அம்மா அன்று மாலை ஊர்க் கப்பலைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்தாள். அப்பா கேட்காததுபோல் இருந்தார். அங்கே அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அண்ணன் தம்பிகள் யாரும் உயிரோடு இல்லை. இந்த வெளுத்த மண் பிழைத்தால்தான் நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்க முடியும். அவ்வளவுதான் விஷயம்.

ஒரே செடி, மூன்று ஆசை

கடுகு விதைக்கலாம் என்று சொன்னது நான். எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஆசிரியர் செய்து காட்டியிருந்தார். நெருக்கமாக விதைக்க வேண்டும். அது சீக்கிரம் வளரும். வேர் இறுகிய மண்ணைத் துளைக்கும். மொட்டு விடும் பருவத்தில் தழையோடு வெட்டி மண்ணில் புதைத்துவிட்டால் அழுகி உரமாகும். வேரைத் தின்னும் புழுவும் அந்தக் காரத்துக்கு ஒதுங்கும். அதன்பின் எது நட்டாலும் வரும்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "வெதைச்சு, தண்ணி ஊத்தி, வளத்து, அப்புறம் பொதைக்கணும்?"

"ஆமாம்ப்பா."

"திங்கறதைப் பொதைக்கிற படிப்புக்கா உன்னை அனுப்பிச்சேன்?"

"விடுங்க," என்றாள் அம்மா. "நமக்கே சோறு இல்லை. படிச்ச கிராணி ஐயா மண்ணுக்குப் பந்தி போடுறாரு."

கோவிந்தன் மாமாதான் எனக்காகப் பேசினார். பந்திங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். வேலை போய் அக்காளோடு எங்கள் வீட்டுக்கு வந்து, மாமியார் வீட்டில் இருக்கிறோமே என்ற கூச்சத்தில் எப்போதும் ஒரு கவளம் குறைத்தே சாப்பிடுவார். "எங்க தோட்டத்துலயும் மரத்துக்கு நடுவுல கொடி வளத்து மண்ணுல மக்க விடுவாங்க அத்தை. மாப்ளே சொல்றது நெசந்தான்."

கடைசியில் பங்கு பிரித்தோம். ஓரத்து வரிசைகள் அம்மாவுக்கு, கீரைக்காக. மேட்டு மூலை அப்பாவுக்கு, விதைக்காக. கப்பல் கடுகு விலை ஏறியிருந்தது. சொந்தக் கடுகில் தாளிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். நடுவில் உள்ளது மண்ணுக்கு. அப்பாவின் மூலைக்கு அம்மாவின் பிஸ்கட் டின்னிலிருந்த கடுகையே தூவினோம். மற்ற இடத்துக்கு ஆ செங் விதை கொடுத்தார். அவர்கள் சாவி என்று சொல்லும் கீரைக் கடுகு. விலை வாங்கவில்லை. அதற்கு முன் ஒரு மழையில் அவருடைய வடிகால் இடிந்தபோது அப்பா போய் வெட்டிக் கொடுத்திருந்தார்.

முளைத்ததைப் பார்க்க வேண்டுமே! அந்தச் செத்த மண்ணில் பச்சைத் துணியை விரித்துவிட்டாற்போல இருந்தது. அப்பாவின் கடுகு இலை சுணையோடு சிறியதாக, கிள்ளி வாயில் வைத்தால் மூக்கில் ஏறும். சாவி அகலமாக, வழவழப்பாக.

எங்களவர்களுக்குக் கடுகு இலையைத் தின்னும் வழக்கம் இல்லை. அம்மா முதலில் சந்தேகத்தோடுதான் நறுக்கினாள். நெத்திலிக் கருவாடும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கினாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "கசப்புமில்லை, காரமுமில்லை, ரெண்டுக்கும் நடுவுல என்னமோ வந்து கண்ணுல தண்ணி வர வைக்குது," என்றாள். அக்கா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் அந்த மாதங்களில் எதையும் கேட்டு வாங்கியதில்லை. அதனால் அம்மா அதற்குப் பிறகு சாவியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. மிஞ்சியதைக் கட்டுக் கட்டிப் பாசார் சந்தைக்கும் கொண்டு போனாள்.

அப்பாவின் மூலை நாட்டுக் கடுகு; எல்லாவற்றுக்கும் முந்திப் பூத்துக் காய் பிடித்தது. காய் பழுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நெற்றுகள் செடியிலேயே கறுத்துப் பூசணம் பூத்தன. அப்பா நனைந்துகொண்டே ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். உள்ளங்கை நிறையக்கூட வரவில்லை. அம்மா அதை உலர்த்தி எண்ணெயில் போட்டாள். பாதி வெடித்தது, பாதி சும்மா கிடந்தது. அப்பா அடுப்புப் பக்கம் குந்தி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சமாச்சும் பேசுதே," என்றார்.

முறத் தவிடு

நடுப் பங்கை மொட்டு விடும்போதே வெட்டிப் புதைக்க வேண்டும் என்பது என் திட்டம். அதே மழை அதைக் கெடுத்தது. நனைந்த களிமண்ணில் மண்வெட்டியைப் போட்டால் மண் சேறாகி, காய்ந்தபின் மறுபடி செங்கல்தான். மழை ஓயக் காத்திருந்தோம். காத்திருந்த நாட்களில் மொட்டெல்லாம் விரிந்துவிட்டது.

ஒரு விடியலில் மழை நின்றது. நானும் கோவிந்தன் மாமாவும் அரிவாளோடு இறங்கினோம். அம்மா ஓடிவந்து மாமாவின் கையைப் பிடித்தாள். மருமகன் கையை மாமியார் பிடிப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

"வவுத்துப் புள்ளைக்காரி உள்ள இருக்கா. பூத்ததை வெட்டுவீங்களா?"

இதைப் படிக்கும் பலருக்கு அந்த வழக்கம் தெரியும். வீட்டில் ஒருத்தி கருவுற்றிருக்கும்போது அவள் புருஷன் மரம் வெட்ட மாட்டான், பூவும் பிஞ்சுமாக நிற்கிற செடியில் கத்தி வைக்க மாட்டான். எங்கள் வீட்டில் அந்த விதி அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்தே என்று அம்மா சொல்லிவிட்டாள். முந்திய முறை அக்கா தோட்டத்தில் இருந்தபோது, கோவிந்தன் மாமா கங்காணி சொன்னதற்காகக் காய்த்து நின்ற ஒரு முருங்கையை வெட்டியிருந்தார். குழந்தை பிறந்து மூச்சுத் திணறிப் போயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் அவரிடம் பலமுறை சொன்னதுண்டு. அவர் தலையை ஆட்டுவார். அரிவாளை மட்டும் அன்று கீழே போட்டுவிட்டார்.

"துரை வர்ற நேரம்மா," என்றேன். "இதை இப்பப் பொதைக்கலேன்னா தண்டு முத்திப்போகும். அடுத்து வள்ளிக்கிழங்கு நடலாம்னு இருந்தோமே, அது முடியாது. வெறும் காடாக் கெடக்குன்னு புடுங்கிடுவாங்க."

"புடுங்கட்டும்."

"கப்பல்ல போறியா?"

அக்கா நிலைப்படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள், மழைக்குப் பொத்துவதுபோல.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிப் பதிவில் என் பெயர் குப்புசாமி. எனக்கு முன் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் தங்கவில்லை. நான் பிறந்ததும் என்னைக் குப்பையில் ஒரு கணம் கிடத்தி எடுத்து, அடுத்த வீட்டுத் தாயம்மா என்பவளுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றார்கள். எமன் வந்து வீரய்யா பிள்ளை எங்கே என்று கேட்டால் அப்படி ஒருவன் இல்லை. இருப்பது தாயம்மா பிள்ளை. பால் கொடுத்ததும் வளர்த்ததும் அம்மாதான். ஆனால் நான் நடந்து, பேசி, பயம் தெளியும் வரை அவள் வாயால் என்னை "என் பிள்ளை" என்று ஒருமுறையும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "தாயம்மா மவன்" என்பாள். வாய் தவறி நம்முடையது என்று சொல்லிவிட்டால் விற்றது செல்லாது.

அப்படி உயிர் பிழைத்தவன் நான். வழக்கத்தைப் பழிக்க எனக்கு வாய் இல்லை.

விற்பனை

வழி சொன்னவளும் அம்மாதான். அன்று சாயந்திரம் சொன்னாள்: "நம்ம செடியா இருந்தாத்தானே நம்ம பாவம்? அந்தச் சீனருக்கு வித்துடுவோம். அவர் செடியை அவர் வெட்டிக்கட்டும்."

அப்பா, நான், அம்மா மூவரும் வேலியோரம் போனோம். நான் விஷயத்தை விளக்கினேன். ஆ செங் இடுப்பில் கைவைத்துக் கடைசிவரை கேட்டார். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"எவ்வளவு?" என்றார்.

"ஒரு காசு."

"இவ்வளவு சாவி ஒரு காசா? நீ கடை வெச்சா உன் பொண்டாட்டி பட்டினி," என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எங்கள் யார் முகத்திலும் சிரிப்பு இல்லாததைக் கவனித்துத் தன் சிரிப்பை நிறுத்தினார். "எங்க ஊர்லயும் இருக்கு," என்றார் மெதுவாக. "புள்ளைக்கு நாய் பேரு வைப்பாங்க. பேய்க்குத் தெரியாம."

கால்சட்டைப் பையிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து அம்மா கையில் வைத்தார். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிப் புடவை முந்தானையில் முடிந்தாள். மறுநாள் காலை வந்து வெட்டிப் புதைத்துத் தருவதாகச் சொன்னார்.

இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுதியது அந்த மறுநாள் காலையைத்தான்.

யாருடையது?

ஆ செங் பாதிக்குமேல் வெட்டியிருந்தார். வெட்டிய தழையை வரிசையாகப் பரப்பி, மண்ணைப் புரட்டிப் போட்டுக்கொண்டே வந்தார். மண்வெட்டி படும் இடத்தில் முன்போலக் கணீரென்ற சத்தம் இல்லை. வேர் போன வழியெல்லாம் களிமண் உதிர்ந்தது. நறுக்கிய கடுகின் நெடி மூக்கை எரித்தது. அப்பா ஒரு கட்டியை எடுத்து நசுக்கினார். நசுங்கியது. என்னைப் பார்த்தார்.

அப்பொழுதுதான் துரையின் சைக்கிள் மணி கேட்டது.

அவர் நல்ல மனிதர். அதை இங்கே எழுதியாக வேண்டும். ஏற்கெனவே சில துண்டுகளை எடுத்தவர்கள் சீனத் தோட்டக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மழை நின்றதும் வருவதாகச் சொல்லிவிட்டு மறைந்திருந்தார்கள். அதனால் அவருக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான். எங்கள் நிலத்தில் ஒரு சீனர் உழைத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் நான்கு பேர் கையைக் கட்டி நிற்கிறோம். அதில் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துரை அப்பாவிடமே மலாயில் கேட்டார்: "சியாப்பா பூஞா?" யாருடையது?

அப்பாவுக்கு அந்த மலாய் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "சினா பூஞா, துவான்," என்றார். சீனருடையது ஐயா.

ஆ செங் மண்வெட்டியோடு நிமிர்ந்தார். அவருக்கு நிலைமை எங்களைவிட வேகமாகப் புரிந்துவிட்டது. "இல்லை துவான், இல்லை. நான் உதவி மட்டும். தோலோங் சாஜா," என்று இரண்டு கைகளையும் ஆட்டினார்.

துரையின் முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்: "உன் தகப்பனாருக்கு நான் கேட்டது விளங்கவில்லை போலிருக்கிறது. பயிர் உங்களுடையது, இந்த ஆள் உதவிக்கு வந்தவர். அப்படித்தானே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆங்கிலத்தில் சொன்னால் அங்கே யாருக்கும் விளங்காது.

ஆனால் அம்மா ஆ செங்கின் கையாட்டலைப் பார்த்துவிட்டாள். முன்னே வந்தாள். "வாங்கிட்டு இல்லேங்காதீங்க அண்ணே! உங்களுதுதான். காசு குடுத்தீங்களே!" முந்தானையைப் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, அந்தச் செப்புக் காசைத் துரையின் முன்னால் நீட்டினாள். "சொல்லுடா. வித்தாச்சுன்னு சொல்லு. நம்முடையதுன்னு மட்டும் உன் வாயில வந்துடப்படாது."

வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடியது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் துரையிடம், "விற்றுவிட்டோம், ஐயா," என்றேன்.

"எவ்வளவுக்கு?"

"ஒரு காசுக்கு."

கேலி செய்கிறேனோ என்று என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் விளக்க முயன்றேன். கர்ப்பிணி, பூத்த செடி, விற்றது போன்ற விற்பனை. பள்ளியில் நான் படித்த ஆங்கிலத்தில் அதற்கெல்லாம் சொல் இருந்தது. சொல்லச் சொல்ல அவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அவர் முழுவதும் கேட்டார். தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைத்தார்.

"விற்றது போன்றது என்றால், உண்மையில் விற்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதை மட்டும் சொல்லிவிடு."

அம்மாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"உண்மையாகவே விற்றதுதான், ஐயா," என்றேன். "இல்லாவிட்டால் அது எதற்கும் ஆகாது."

அவர் ஆ செங்கை ஒருமுறை, அப்பாவை ஒருமுறை பார்த்தார். "மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்," என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். கொஞ்ச தூரம் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா தொப்பியைத் தலையில் வைத்தார். ஆ செங்கிடம், "மிச்சத்தையும் வெட்டிடுங்க," என்றார்.

"இனி எதுக்கு?"

"உங்க செடி. பாதியில விடாதீங்க."

அவர் வெட்டினார். பகல் சாயும்வரை ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை.

அதற்குப் பிறகு

அக்காளுக்குப் பெண் பிறந்தது. செல்லம்மா. பிறந்ததும் அழுத அழுகை அடுத்த லயம்வரை கேட்டது. அம்மா அந்தக் காசை மஞ்சள் துணியில் முடிந்து குழந்தையின் அரைஞாணில் கட்டினாள். செடியோடு பிள்ளையும் ஆ செங்குக்கு விற்றதாகவே அவள் கணக்கு. முந்திய குழந்தைகள் போன நாட்கள் எல்லாம் தாண்டின. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா மட்டும் ஒருநாள், "என்னாலதானேப்பா நெலம் போச்சு?" என்று கேட்டாள். அப்பா குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டே, "நெலத்தை நாம கப்பல்ல கொண்டாந்தோமா?" என்றார்.

நிலம் இல்லாமல் லயத்து வீடும் இல்லை. எனக்குக் கிள்ளானில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. கோவிந்தன் மாமாவுக்கு அங்கேயே மூட்டை தூக்கும் வேலை. கிட்டங்கிக்குப் பின்னால் ஓர் அறை. அதில் எல்லாருக்கும் இடமில்லை, என் சம்பளத்தில் எல்லாருக்கும் சோறும் இல்லை. அப்பாவும் அம்மாவும் இலவசக் கப்பலில் போனார்கள்.

துறைமுகத்தில் அம்மா என்னிடம் சொன்னது இது ஒன்றுதான்: "நான் வந்து சொல்ற வரைக்கும் நம்ம புள்ளைன்னு சொல்லாதீங்க." அப்பா என் தோளைப் பிடித்து, "அந்த மண்ணு நசுங்குச்சுடா. நீ சொன்னாப்பலயே," என்றார். வேறு எதுவும் சொல்லக் கப்பல் சங்கு விடவில்லை.

அந்த நிலம் வேறொரு குடும்பத்துக்குப் போயிற்று. ரயிலில் கோலாலம்பூர் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்காருவேன். முதல் வருடம் வள்ளிக்கிழங்குக் கொடி தரை தெரியாமல் படர்ந்திருந்தது. அடுத்த வருடம் பயற்றங்காய்ப் பந்தல். மண் கறுத்துவிட்டது. அந்தக் குடும்பத்தார் நல்ல உழைப்பாளிகள். இன்றும் வேலியோரம் ஒரு வரிசை சாவி இருக்கிறது. யார் விதைத்தது, தானாக முளைத்ததா, தெரியாது.

இருவரையும் திரும்ப அழைத்துக்கொள்ள நான் மாதாமாதம் மிச்சம் பிடித்தேன். ஆளுக்கு இருபத்தேழு வெள்ளி, கப்பல் மேல்தட்டில். இரண்டு பேருக்கும் பணம் சேர்ந்த வாரம்தான் அப்பா போய்விட்ட செய்தி வந்தது. அம்மா சென்ற வருடம் தனியாக வந்து இறங்கினாள். ஐந்து வயதாகியிருந்த செல்லம்மாவின் பாவாடையைத் தூக்கி, அரைஞாணில் காசு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை எங்களை ரயிலேற்றி பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனாள். ஆ செங்குக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. அம்மா முடிச்சை அவிழ்த்துக் காசை அவரிடம் நீட்டி, பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லச் சொன்னாள்.

"விலை ஏறிப்போச்சே," என்றார் அவர். பிறகு அப்பா எங்கே என்று கண்களால் தேடினார். நான் சொன்னேன். அவர் காசை வாங்கிக்கொண்டார். குனிந்து ஒரு கட்டு சாவியைப் பிடுங்கி, வேர் மண்ணை உதறி, செல்லம்மாவின் கையில் கொடுத்தார்.

திரும்பும் வண்டியில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் குழந்தையைப் பார்த்து, "யார் வீட்டுப் புள்ளை?" என்று கேட்டாள்.

"எங்க புள்ளை," என்றாள் அம்மா.

அந்தக் கடுகு எங்களுக்கு என்ன விலைக்கு ஆயிற்று என்று கிள்ளான் கடைக்கார அன்பர் கேட்டால், இரண்டு டிக்கெட்டுக்குச் சேர்த்ததில் செலவாகாமல் என் பெட்டியில் நின்றுபோனதைத்தான் சொல்ல வேண்டும். இருபத்தேழு வெள்ளி.